பச்சை டாங்கிக்காரன்

தள்ளி உட்காருங்கள் தம்பி. பையை மிதித்துவிடாதீர்கள். கடலை மிட்டாய் இருக்கிறது. அதைவிடப் பெரிய சாமானும் இருக்கிறது.

அதைத்தான் பார்க்கிறீர்களா. ஆமாம், ஜாய்ஸ்டிக்தான். டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேமுக்கு உள்ளது. ஏன் முழிக்கிறீர்கள்? கிழவன் பையில் வெற்றிலையும் மூட்டுவலித் தைலமும்தான் இருக்க வேண்டுமா? தைலமும் இருக்கிறது. அது வேறு.

நீங்களும் சின்ன வயசில் விளையாடினீர்களாக்கும். தெரியும். உங்கள் வயசுக்காரர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறீர்கள். கேசட்டைக் கழற்றி வாயால் ஊதினால் ஓடும், அந்த மாதிரிக் கோடை லீவு இனிமேல் வருமா என்று. என் மகன் இளங்கோவும் இந்தக் கதைதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போனில் நீளமாக எழுதிப் போட்டிருக்கிறான். குவார்ட்டர்ஸ் வீடாம், டாங்கி கேமாம், மதியம் பூராவும் விளையாடினானாம், நினைத்தால் கண் கலங்குகிறதாம். ஊர்ப்பட்ட பேர் லைக் போட்டிருக்கிறார்கள்.

பொய். அவன் விளையாடவே இல்லை. நாங்கள்தான் விளையாடினோம். நானும் சீனிச்சாமியும்.

கண்டக்டர், திருமங்கலம் விலக்கு ஒன்று. உள்ளே போகாதா? போகாவிட்டால் போ. விலக்கில் இறக்கிவிடு. நிறுத்தி இறக்கிவிடணும். ஓடுகிற பஸ்ஸில் இறங்குகிற வயசில்லை.

சீனிச்சாமி யார் என்கிறீர்களா. சொல்கிறேன். சாத்தூர் வருகிறவரைக்கும் வேறு என்ன வேலை.

கோவில்பட்டியில் ஒரு நூல் மில். பேர் எதற்கு? இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ரிங் பிரேமில் சைடர். நீள மெஷின் தம்பி, ஒரு பக்கம் பூராவும் நூல் சுற்றுகிற கதிர் ஓடிக்கொண்டிருக்கும். ஒருத்தனுக்கு ஒரு பக்கம். நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும், மெஷினை நிறுத்தாமல். விரல் சுறுசுறுப்பாக இருக்கணும். அவ்வளவுதான் வேலை. குவார்ட்டர்ஸிலும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். நான் இந்தப் பக்கம் தும்மினால் அவன் அந்தப் பக்கம் திட்டுவான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மில்லில் ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் சட்டம். சங்கு ஊதினால் கையை எடு. ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் அடுத்தவன் வந்து மெஷினில் நின்றுவிடுவான். அதற்கு அப்புறம் நீ கை வைத்து ஏதாவது அறுந்தால் பழி உன் தலையில். அதனால் சங்கு கேட்டதும் கை தானாக வந்துவிடும். யோசிக்கிறதெல்லாம் கிடையாது. வீட்டில் சோறு தின்னும்போது கேட்டால்கூட வந்துவிடும். என் சம்சாரம் வேலம்மா இதற்காகவே, நான் வீட்டில் இருக்கிற நாளில், மத்தியானச் சங்கு ஊதி முடித்த பிறகுதான் இலை போடுவாள்.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஒரு வருஷம் மில்லை மூடிவிட்டார்கள். பங்குனியில் மூடினது. பஞ்சு விலை என்றான் ஒருத்தன். கரண்டு என்றான் ஒருத்தன். முதலாளி வீட்டு அண்ணன் தம்பி சண்டை என்றான் இன்னொருத்தன். எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. கேட்டில் பூட்டுத் தொங்கியது. சங்கு நின்றுபோனது. அது ஊதாததால் குவார்ட்டர்ஸில் ஒருத்தருக்கும் மணி தெரியவில்லை. பெண்கள் உலை வைக்கிற நேரத்தை மறந்தார்கள். சேவல்கூடக் கண்ட நேரத்தில் கூவியது.

அந்த நேரம் பார்த்து சீனிச்சாமியின் மச்சினன் துபாயில் இருந்து வந்தான். சீனி மகள் செண்பகாவுக்கு இந்த வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு பெட்டி, ஒரு கேசட், ரெண்டு ஜாய்ஸ்டிக். சீனி வீட்டில் டிவி கிடையாது. என் வீட்டில் உண்டு. சின்ன டிவி, கறுப்பு வெள்ளை. அவனிடம் பெட்டி, என்னிடம் டிவி. அதனால் பெட்டி என் வீட்டுக்கு வந்தது.

பிள்ளைகள் ரெண்டு நாள் விளையாடினார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சரியாக விளையாடவில்லை. அந்த டாங்கி கேம் உங்களுக்குத் தெரியுமே. கீழே நடுவில் செங்கல் கட்டி அதற்குள் ஒரு குருவி உட்கார்ந்திருக்கும். மேலே இருந்து எதிரி டாங்கி ஒன்று ஒன்றாக இறங்கி வரும். நம்மிடம் ரெண்டு டாங்கி. நாம் செத்தாலும் மறுபடி வரலாம். குருவி செத்தால் ஆட்டம் முடிந்தது. அப்படி என்றால் என்ன செய்யணும்? குருவியைக் காக்கணும். இந்தப் பிள்ளைகள் குருவியை அம்போ என்று விட்டுவிட்டு மேலே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. கொடு, சொல்லித்தருகிறேன் என்று வாங்கினேன். சீனியும் ஒன்றை வாங்கினான்.

திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பது பிள்ளைகள் கட்டிவிட்ட கதை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அழுதார்கள். அழுதால் யார் கொடுப்பார்கள்? முறையாகக் கேட்கணும்.

அவர்களையும் சும்மா விடவில்லை. வேலை கொடுத்தோம். என் டிவியில் டியூனிங் திருகை விரலால் அழுத்திப் பிடிக்கணும், விட்டால் படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். அது இளங்கோ. அடாப்டர் சூடாகிவிடும், விசிறணும். அது செண்பகா. அந்தக் கோடை பூராவும் அவன் செய்தது அதுதான். திருகைப் பிடித்தேன் என்று எழுதினால் யார் லைக் போடுவார்கள்? அதனால் விளையாடினேன் என்று எழுதிவிட்டான்.

சாத்தூர். வெள்ளரிப் பிஞ்சு வாங்குங்கள் தம்பி. இங்கே வாங்காமல் போகக்கூடாது. எனக்கு வேண்டாம், பல் இடுக்கில் போகும். சரி, ஒன்று கொடுங்கள்.

எங்கே விட்டேன்.

ஒரு டாங்கி மஞ்சள், ஒரு டாங்கி பச்சை. மச்சினன் சொன்னதுதான். என் டிவியில் ரெண்டும் சாம்பல். ஒன்று வெளுத்த சாம்பல், ஒன்று அழுக்குச் சாம்பல். வெளுத்ததுதான் மஞ்சள் என்றான். டிவி என்னுடையது, அதனால் மஞ்சள் எனக்கு. பெட்டி என்னுடையது என்று சீனி ரெண்டு நாள் முறுக்கினான். டிவியை நிறுத்தினேன். பச்சையை எடுத்துக்கொண்டான்.

ஆனால் ஒன்று சொல்லணும். நன்றாக விளையாடுவான். ரிங் பிரேமில் அவன் எனக்கு வலது பக்கம். இதிலும் வலது பக்கம். நான் இடது. என் பக்கம் ஒன்று தப்பி இறங்கினால் சொல்லவே வேண்டாம், அவன் டாங்கி வந்து நிற்கும். அவனுக்கு அப்படி ஆனால் நான் போய்விடுவேன். மில்லுக்குள் சத்தத்தில் யாரும் பேச முடியாது, எல்லாம் கை ஜாடை, கண் ஜாடை. அந்தப் பழக்கம். இங்கேயும் நாங்கள் பேசவில்லை. பிள்ளைகள்தான் கத்திக்கொண்டிருந்தார்கள், மாமா அங்கே வர்றான், அப்பா இங்கே வர்றான் என்று. சும்மா இருங்கள் என்போம்.

இந்த ஆட்டத்துக்கு மொத்தம் முப்பத்தைந்து கட்டம். எப்படித் தெரியும் என்றால், செண்பகா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். ஆரம்பத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் நம்பர் ஏறும், எந்தக் கட்டத்தில் இருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். முப்பத்தைந்தில் நின்றுவிடும். கடைசியிலே இருந்து ஆடுங்க மாமா, சீக்கிரம் முடியும் என்றாள். அதட்டிவிட்டேன். நடுவில் இருந்து நூல் நூற்பானா எவனாவது? முதலில் இருந்துதான் ஆடணும். முதலில் இருந்து ஆடினால் மதியம் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் இழுக்கும். நடுவில் கரண்டு போனால் எல்லாம் போச்சு. மறுநாள் திரும்பவும் ஒன்றாம் கட்டம்.

அவசரம் ஒன்றும் இல்லையே. மில்தான் பூட்டிக்கிடக்கிறதே.

சித்திரை வந்ததும் குவார்ட்டர்ஸ் காலியாக ஆரம்பித்தது. திருப்பூர் போகிறேன் என்று ஒரு குடும்பம். கோயம்புத்தூர் என்று இன்னொன்று. மிஞ்சினவர்கள் காலையில் எழுந்து கேட் வரைக்கும் போய், பூட்டைப் பார்த்துவிட்டு வருவோம். வீட்டில் காப்பி நின்றது. காப்பி எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். அப்போதெல்லாம் நிறைய விஷயம் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அதை விடுங்கள். அது கதை இல்லை.

சீனியும் திருப்பூர் போகிறேன் என்றான். அவன் சித்தப்பா மகன் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறான். எப்போது என்றேன். இந்தக் கேமை முடித்துவிட்டுப் போகிறேன் என்றான். கடைசிக் கட்டத்தை ஜெயித்ததும் மறுநாள் பஸ்.

அதற்கு அப்புறம் முடிக்க முடியவில்லை. என்னவோ தெரியவில்லை. இருபது தாண்டும், முப்பது தாண்டும், அப்புறம் எனக்குக் கை தவறிவிடும். ஒரு தடவை என் குண்டு அவன் டாங்கி மேலேயே பட்டு அவன் அசையாமல் நின்றான். ஒரு தடவை நானே குருவிக் கோட்டையை உடைத்துவிட்டேன். இன்னொரு தடவை காலைத் தூக்கினேன், ஒயர் மாட்டிப் பெட்டி கவிழ்ந்தது. வயசாகிவிட்டால் கைக்கும் காலுக்கும் ஒத்துழைப்பு இருக்காது. சிரிக்காதீர்கள். அப்போது முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு என்ன சின்ன வயசா?

சீனி திட்டமாட்டான். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்பான். அவன் சம்சாரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, உங்க ரெண்டு பேருக்கும் குருவி முட்டை போட்டாலும் முடியாதுய்யா என்பாள்.

வைகாசியில் ஒரு நாள். அவன் வீட்டு முற்றத்தில் துணி மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை கிளம்புகிறான். கேம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் கிளம்புகிறான். சித்தப்பா மகன் இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டானாம். சரி, போகிறவனை ஜெயித்துவிட்டு அனுப்புவோம் என்று நினைத்தேன். காலையிலேயே உட்கார்ந்தோம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். நான் வெறும் பனியன், லுங்கி. சட்டையைக் கொடியில் போட்டிருந்தேன். அவனும் அப்படித்தான்.

அன்றைக்குக் கை தவறவே இல்லை தம்பி. நூல் மாதிரி ஓடியது. கரண்டும் போகவில்லை. பத்து, இருபது, முப்பது. வேலம்மா ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, சோற்றுக்குக் கூப்பிடாமல் போய்விட்டாள். பிள்ளைகள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். இளங்கோ திருகை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வந்தது. கடைசிக் கட்டம். மேலே எத்தனை டாங்கி பாக்கி என்று ஓரத்தில் காட்டுமே, அது குறைந்துகொண்டே வந்து நாலு ஆயிற்று. மூன்று. ரெண்டு. ஒன்று இடது பக்கம் இறங்கியது, நான் அடித்தேன். இன்னும் ஒன்றே ஒன்று. அது வலது பக்கம் இறங்குகிறது. சீனி பக்கம்.

அப்போது சங்கு ஊதியது.

ஆமாம். மில் சங்கு. பங்குனியில் நின்றது அன்றைக்கு ஊதியது. முதலில் இருமுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் முழுசாக. நீளமாக. ஊதிக்கொண்டே இருந்தது. தெருவில் பெண்கள் ஓடிவருகிற சத்தம். யாரோ அழுகிறார்கள். யாரோ சிரிக்கிறார்கள். எவனோ தகரத்தைத் தட்டுகிறான். மில்லைத் திறந்துட்டாங்க, திறந்துட்டாங்க என்று வேலம்மா கையில் கரண்டியோடு வாசலுக்குப் போகிறாள்.

இந்தச் சீனிச்சாமி என்ன செய்தான் தெரியுமா? கையை எடுத்துவிட்டான்.

ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மெஷினை விட்டு எடுக்கிற மாதிரியே. பச்சை டாங்கி சும்மா நிற்கிறது. எதிரி அதைத் தாண்டி நிதானமாகப் போய், செங்கல்லை உடைத்து, குருவியைச் சுட்டான். முடிந்தது.

நீங்களே சொல்லுங்கள். இது நியாயமா?

நானா? நான் எங்கே இருந்தேன் என்றால்? அங்கேதான் இருந்தேன். எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். கொடியில் சட்டையை எடுத்தேன். சங்கு ஊதினால் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போகணுமே. ஒரு கை சட்டையில் இருந்தது, ஒரு கை ஜாய்ஸ்டிக்கில் இருந்தது. விடவில்லையே. அவன் மாதிரிக் கீழே வைக்கவில்லையே.

ரெண்டு கை வேண்டும்தான். ஒரு கையால் நகர்த்தணும், ஒரு கையால் சுடணும், எனக்குத் தெரியாதா? நகர்த்தினேன். சுடவில்லை. அது எப்படி ஒன்றாகும்? என்ன தம்பி, நீங்களும் இளங்கோ மாதிரியே பேசுகிறீர்கள். வேலம்மாவும், பள்ளிக்கூடத்து மணி அடித்த மாதிரி ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே எந்திரிச்சீங்க என்பாள். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

விருதுநகரா. இங்கே கொஞ்ச நேரம் நிற்பான். காப்பி வேண்டாம். எனக்குப் பிடிக்கும், ஆனால் பஸ்ஸில் வேண்டாம்.

அன்றைக்குச் சாயந்தரம் கேட் வாசலில் திருவிழாக் கூட்டம். பூந்தி கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். சீனி என்னைக் கட்டிப் பிடிக்க வந்தான். உன்னாலதான் குருவி செத்துச்சு என்றேன். அவன் நீட்டின கையை இறக்கினான். பிறகு சொன்னான்.

"நீதாம்ல மொதல்ல எந்திரிச்ச."

எந்திரிச்சேன், வைக்கலையே என்றேன். வார்த்தை தடித்துவிட்டது. ரெண்டு பேர் எங்களைப் பிடித்து விலக்க வந்தார்கள். மில் திறந்த அன்றைக்கே சண்டை என்றதும் சங்கத்துக்காரர்களுக்குப் பயம். நிர்வாகம் எவனையாவது விலைக்கு வாங்கிவிட்டதோ என்று. சங்கத்துச் செயலாளர் கனியப்பன் எங்களைத் தனியாக ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். எதுவானாலும் மறைக்காம சொல்லுங்க தோழர், யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்றார்.

குருவியை, என்றேன்.

யாருய்யா அந்தக் குருவி, எந்த டிபார்ட்மெண்ட் என்றார். அவருக்கு விளங்கவைக்கிறதுக்குள் விடிந்துபோகும் போல ஆகிவிட்டது. கடைசியில் பிள்ளைகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். செண்பகாவிடம் கேட்டார். எங்க அப்பா மேலதான் தப்பு, கையை எடுத்துட்டாங்க என்றாள். நல்ல பிள்ளை. இளங்கோவிடம் கேட்டார். என் மகன், என் சோற்றைத் தின்கிறவன், எங்க அப்பாதான் மொதல்ல எந்திரிச்சாங்க என்றான். கனியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு, ரெண்டு பேரும் நாளைக்கு முதல் ஷிப்டுக்கு வந்து சேருங்கய்யா என்று அனுப்பிவிட்டார்.

சீனி அன்று ராத்திரியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மூட்டையைப் பிரித்தான். திருப்பூர் போகவில்லை. அதற்கு அப்புறம் பேச்சு இல்லை. அவனிடம் பெட்டி இருந்தது, டிவி இல்லை. என்னிடம் டிவி இருந்தது, பெட்டி இல்லை. பொங்கலுக்கு அவனும் ஒரு டிவி வாங்கினான். கலர். வாங்கி என்ன செய்ய? பச்சை ஜாய்ஸ்டிக் என்னிடம் இருந்தது. அவசரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். நான் ஒளித்து வைத்துக்கொண்டேன் என்று சொல்லித் திரிந்தான். ஒளிக்கவில்லை. பீரோவில் வைத்தேன். பூட்டித்தான் வைத்தேன். பீரோ என்றால் பூட்டத்தானே செய்வார்கள்.

அவன் முகத்தில் முழிக்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லி ஷிப்டை மாற்றிக்கொண்டேன். அது வேறு மாதிரி முடிந்தது. அவன் இறங்குகிற மெஷினில் நான் ஏறணும் என்று ஆகிப்போனது. தினமும் சங்கு ஊதும், அவன் கையை எடுப்பான், நான் கையை வைப்பேன். எந்தக் கதிர் தகராறு பண்ணுகிறது என்று விரலால் காட்டிவிட்டுப் போவான். நான் தலையை ஆட்டுவேன். மில்லுக்குள் யாரும் பேசுகிறதில்லை என்பதால் நாங்கள் பேசாமல் இருந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை. ரிட்டயர் ஆகிறவரைக்கும் அப்படியே ஓடியது. அவன் கொடுத்துவிட்டுப் போன மெஷினில் ஒரு நாள்கூட அறுந்த நூல் கிடந்ததில்லை. அதை மறைக்கமாட்டேன்.

பெண்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குழம்பு சுவருக்கு மேலே போகும், வரும். அவன் வீட்டு மீன் குழம்பை நான் தொடமாட்டேன். வேலம்மா யார் வீட்டுக் குழம்பு என்று சொல்லாமல் ஊற்றுவாள். நானும் கேட்கமாட்டேன்.

அப்புறம் அவன் மகளோடு திருமங்கலம் போய்விட்டான். சம்சாரம் தவறிவிட்டாள். நான் போனேன். மாலை போட்டேன். பேசவில்லை. அவனும் பேசுகிற நிலைமையில் இல்லை.

நேற்றுச் சாயந்தரம் செண்பகா போன் பண்ணினாள். வீடு மாறினார்களாம். பரண் மேல் அந்தப் பெட்டி கிடந்ததாம். அவள் மகன் அதை ஏதோ பண்ணிப் பெரிய டிவியில் மாட்டிவிட்டானாம். ஓடுகிறதாம். அப்பா காலையிலே இருந்து அது முன்னாலேதான் இருக்காங்க மாமா என்றாள். மஞ்சளை வச்சு ஒத்தையா ஆடுறாங்க. வலது பக்கம் வர்றதெல்லாம் அடிச்சுடுறாங்க. இடது பக்கம் ஆள் இல்லாம குருவி செத்துச் செத்துப் போகுது. அந்த இன்னொரு ஜாய்ஸ்டிக் உங்ககிட்ட இருக்கா மாமா?

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

காலையில் முதல் வேலையாக ஸ்டாண்டுக்கு வந்தேன். இந்தப் பஸ்தான் இருந்தது. ஏறினதும் செண்பகாவுக்குப் போன் போட்டேன், விலக்கில் வந்து நிற்கிறேன் மாமா என்றாள்.

சும்மா கொடுத்துவிட்டு வரத்தான் தம்பி. அவன் பொருள். எனக்கு எதற்கு? கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இந்த லுங்கி எதற்கா? வழியில் மழை வந்தால்? மழை இல்லைதான். கண்ணாடி ரெண்டு ஜோடி இருக்கிறதே என்கிறீர்களா? ஒன்று கிட்டப் பார்க்க, ஒன்று டிவி பார்க்க. என்ன, பையையே எட்டிப் பார்க்கிறீர்கள். கடலை மிட்டாய் செண்பகா பிள்ளைகளுக்கு. அந்தச் சின்னப் பொட்டலம் தூளாக்கி வாங்கினது. அவனுக்கு மேல் வரிசைப் பல் போய்விட்டது என்று வேலம்மா சொன்னாள்.

ஆனால் ஒரு ஆட்டம் ஆடித்தான் ஆகணும். இல்லையென்றால் யார் விட்டது என்று எப்படித் தீரும்? இளங்கோவிடமும் போனில் சொன்னேன். முதலில் இருந்து ஆடுவோம். முப்பத்தைந்தையும் முடிப்போம். இன்றைக்கு எந்தச் சங்கும் ஊதாது. அவன் பக்கம் ஒழுங்காக நிற்கட்டும், என் பக்கம் நான் நிற்கிறேன். குருவி பிழைக்கட்டும். அப்புறம் அவன் ஒத்துக்கொள்ளட்டும். ஒத்துக்கொண்டால் பேசுவேன்.

இன்னொன்று. மஞ்சள் என்றும் பச்சை என்றும் சொல்லிக்கொண்டே ஒரு கோடை பூராவும் ஆடினோம், நான் ரெண்டையும் பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குப் பார்க்கணும்.

என்ன சொல்கிறீர்கள்? முடியாதா? முப்பத்தைந்துக்கு அப்புறம் திரும்ப ஒன்றா? நன்றாகத் தெரியுமா? அப்படி என்றால் அன்றைக்கு அந்த டாங்கியை அடித்திருந்தாலும் முடிந்திருக்காதா? மறுபடி முதலில் இருந்து வந்துகொண்டே இருந்திருக்குமா?

ம்.

இருங்கள். வேலம்மாவுக்கு ஒரு போன் போட்டுக்கொள்கிறேன். ராத்திரிச் சோறு வைக்க வேண்டாம் என்று சொல்லணும். நாளைக்கும் வேண்டாம்.

கண்டக்டர், விலக்கு வந்துவிட்டது. நிறுத்து. நிறுத்தச் சொன்னேனா இல்லையா. ஒரு நிமிஷம் பொறு, கூட்டம் வழிவிட்டால்தானே இறங்க முடியும்.

அதோ பாருங்கள் தம்பி. குடை பிடித்துக்கொண்டு நிற்கிறதே ஒரு மொட்டைத் தலை. நான் வந்து நிற்கிறேன் என்றுதானே செண்பகா சொன்னாள்? இந்த வெயிலில் இவன் எதற்கு வந்து நிற்கிறான், அறிவுகெட்டவன். ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறான். இங்கேதான் வருகிறான். நீங்கள் பேசாதீர்கள். நானும் பேசமாட்டேன். அவன்தான் முதலில் பேசணும்.

கேட்டீர்களா? இத்தனை வருஷம் கழித்து ஒருத்தன் வாயைத் திறந்து பேசுகிற பேச்சைக் கேட்டீர்களா?

"சட்டையைப் போட்டுட்டுத்தான் வந்திருக்கியால? அப்பச் சரி. இன்னிக்கு எந்திரிக்க வேண்டியதில்லை."

இறங்குகிறேன் கண்டக்டர், இறங்கிக்கொண்டேதான் இருக்கிறேன். தம்பி, பையை அந்தப் படி வழியாக எனக்குக் கொடுங்கள். ஜன்னலில் நீட்டாதீர்கள். அவன் கையில் கொடுக்காதீர்கள் என்கிறேன். விட்டுவிடுவான்.